பினாங்கு என்னும் சம்பந்தி வீடு

ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் நாள் சாயங்காலம் லெபோ பாசாருக்குக் கூட்டிப்போவது எங்கள் வீட்டு வழக்கம். மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியா அந்தப் பக்கம்தான். பூக்கடையில் மல்லிகைச் சரம், பாத்திரக்கடை வாசலில் எவர்சில்வர் அடுக்கு, ஸ்பீக்கரில் காது கிழியச் சினிமாப் பாட்டு. வந்தவர் நாலு எட்டு வைப்பதற்குள் என்ன சொல்வார் என்று எனக்கு மனப்பாடம். "அட, நம்ம ஊரு மாதிரியே இருக்கே!"

சந்தோஷமாகத்தான் சொல்கிறார். எனக்குத்தான் லேசாக வயிற்றைக் கலக்கும். நான் பார்த்த மரியாதைப் பிசகுகளில் பாதி, இந்த ஒரு வரியைச் சொன்ன பிறகு நடந்தவை.

ஜப்பானுக்கோ பிரான்சுக்கோ போகிற தமிழர் கொஞ்சம் கூச்சத்தோடுதான் நடப்பார். செருப்பை எங்கே விடுவது, யாரை எப்படிக் கூப்பிடுவது என்று சுற்றுமுற்றும் பார்ப்பார். அந்தக் கூச்சமே அவரை நிறையத் தவறுகளிலிருந்து காப்பாற்றிவிடும். பினாங்கில் தமிழ் காதில் விழுந்த நிமிஷமே அது கழன்று விழுந்துவிடுகிறது. 2023 டிசம்பரில் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்று ஆனது. அதற்கப்புறம், முதல் வெளிநாட்டுப் பயணமாகவே இங்கே வருகிறவர்கள் எங்கள் சொந்தத்திலேயே கூடிவிட்டார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

'பண்பாட்டு நுண்ணுணர்வு' என்று இதற்குக் கனமான பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். சம்பந்தி வீட்டுக்குப் போனால் எப்படி இருக்கிறோமோ, அப்படி இருப்பதுதான். அங்கேயும் இதே தமிழ், இதே சாம்பார், இதே முருகன் படம். இருந்தாலும் நேரே அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பதில்லை. "எங்க வீட்டுல இப்படிச் செய்ய மாட்டோம்" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிடுகிறோம். இது அவர்கள் வீடு, இங்கே ஏற்கெனவே ஓர் ஒழுங்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு உள்ளே இருந்துகொண்டே இருக்கும். நான் மதுரையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து 18 வருஷம் ஆகிறது. எனக்கு இது நிஜமாகவே சம்பந்தி வீடாக இருந்து, அப்புறம் என் வீடாக ஆன ஊர்.

மலாயில் இதற்கு அழகான சொல் இருக்கிறது: 'புடி பஹாசா'. பிரித்துப் பார்த்தால் நமக்குத் தெரிந்த புத்தியும் பாஷையும்தான். சேர்ந்து நின்றால் பண்பான நடத்தை என்று பொருள். ஒருவரை 'தாக் தாஹு பஹாசா' என்றால், சொல்லுக்குச் சொல் 'பாஷை தெரியாதவர்'. அவர்கள் சொல்லவருவதோ, மரியாதை தெரியாதவர் என்று. ஆங்கிலத்தில் வெளுத்துக்கட்டுகிறவரும் இந்த அர்த்தத்தில் பாஷை தெரியாதவராக இருக்கலாம். 1970இல் அறிவித்த ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாட்டின் ஐந்தாவது வரியே நன்னடத்தையும் ஒழுக்கமும்தான். மலாய் மூலத்தில் அந்த இடத்தில் வருகிற 'சுசிலா' என்ற வேர்ச்சொல் நம் சுசீலாதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சபையில் இதை ஒப்பிப்பார்கள். என் மகள் ஒப்பிக்கும்போது நானும் கூடவே முணுமுணுப்பேன்.

இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2015இல் மலேசியாவின் சாபா மாநிலத்திலுள்ள கினாபாலு மலையில் சில வெளிநாட்டுப் பயணிகள் உடைகளைக் களைந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சில நாளில் அங்கே நிலநடுக்கம் வந்து மலையில் 18 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதி மக்களுக்கு அது இறந்தவர்களின் ஆவிகள் தங்கும் மலை. மலையை அவமதித்ததால் வந்த வினை என்றே பலர் நினைத்தார்கள். நிலநடுக்கத்துக்கும் படத்துக்கும் தொடர்பில்லை என்று நாம் வாதாடலாம். ஆனால் நாலு பேருக்கு மூன்று நாள் சிறையும் ஆளுக்கு 5,000 ரிங்கிட் அபராதமும் கிடைத்தது நிலநடுக்கத்துக்காக அல்ல. மலை யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

சரி, பினாங்குக்கு வருவோம். தமிழர்களிடமிருந்தே தொடங்கலாம். நம் ஆட்கள் அதிகமாகச் சறுக்குவது அங்கேதான்.

என் கணவரிடம் வருகிறவர்கள் கேட்கும் கேள்வி: "உங்க சொந்த ஊர் எது?" அவர் சுங்கைப் பட்டாணி என்பார். "அது சரி, இந்தியாவில எது?" அவர் சிரிப்பார். அவருடைய தாத்தாவே இங்கே பிறந்தவர். சொந்த ஊர் சுங்கைப் பட்டாணிதான். அதற்குப் பின்னால் இன்னோர் ஊர் ஒளிந்திருக்கவில்லை. மலேசியத் தமிழர் மலேசியர். ஊரை விட்டு வந்து திரும்ப வழி தெரியாமல் நிற்பவர்களாக அவர்களைப் பார்ப்பதும், "எங்க தமிழ்நாட்டுக்கு வந்துடுங்களேன்" என்பதும் அன்பில் சேராது. இதைவிட மோசம், இரண்டாவது நாள் மெதுவாக வருகிற "நீங்க என்ன ஆளுங்க?" இங்கே அந்தக் கேள்விக்கு யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. முறுக்குத் தட்டை நகர்த்திவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். கேட்டவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. அது அவருக்குப் புரிவதில்லை, அவ்வளவுதான்.

அவர்களுடைய தமிழைக் கேட்டுச் சிரிப்பதும் அப்படித்தான். கார் இங்கே காடி. காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்று பெயர், எவ்வளவு நல்ல சொல்! எங்கள் கல்யாணம் முடிந்து என் அப்பா முதல் முறை இங்கே வந்தபோது என் மாமியார் உபசாரமாக, "சம்பந்தி, தண்ணி கலக்கட்டுமா?" என்றார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனுஷர் என் அப்பா. முகம் வெளுத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மைலோ வந்தது. இங்கே தேநீர், காப்பி, மைலோ எல்லாமே தண்ணிதான். நல்லவேளை, அப்பா வாயைத் திறக்காமல் காத்திருந்தார். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது 1816இல். இன்றைக்கும் நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நடக்கின்றன. இருநூறு வருஷம் தனியாகக் காத்த தமிழைத் திருத்த வேண்டிய வேலை நமக்கு இல்லை.

அப்புறம் 'கெலிங்' என்ற சொல். ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. 1801இல் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது. கெலிங் என்பது கலிங்கத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் நம் கடற்கரையிலிருந்து வந்தவர்களுக்கான சாதாரணப் பெயர். இன்று ஓர் ஆளைப் பார்த்து அப்படிச் சொன்னால் வசவு. பள்ளிவாசலின் பெயராகச் சொல்லலாம், தெருவின் பெயராகச் சொல்லலாம். வேடிக்கைக்காகக்கூட ஆளிடம் சொல்லக் கூடாது. அதே அளவுகோல் நம் நாக்குக்கும் உண்டு. "அந்தச் சீனன்", "மலாய்க்காரன் சொன்னான்" என்று நாம் சாதாரணமாகப் பேசுவோம். ஒருவருக்கும் தமிழ் புரியாது என்ற நம்பிக்கை. தமிழரோடு சேர்ந்து வளர்ந்து அரைகுறையாகத் தமிழ் புரிந்துகொள்ளும் சீனரும் மலாய்க்காரரும் இந்த ஊரில் உண்டு. 'ன்' இடத்தில் 'ர்' போட என்ன செலவு?

கூப்பிடுவதற்குச் சொல் வேண்டுமானால், மலாய்க்காரரில் அண்ணன் வயதில் இருப்பவர் அபாங், அக்கா வயதில் காக், பெரியவர்கள் பாக்சிக், மாச்சிக். சீனப் பெரியவர்களை அங்கிள், ஆண்டி என்றால் போதும். தமிழரை அண்ணே, அக்கா. முறை வைத்துக் கூப்பிடுவது நமக்குச் சொல்லித் தரவேண்டிய சங்கதியா? ஆனாலும் என் பெரியம்மா மகன் போன வருஷம் வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன்.

நாசி கண்டார் கடை, மதிய நேரம். நாசி கண்டார் என்பது பினாங்கின் தமிழ் முஸ்லிம்கள் காவடிபோல் தோளில் கம்பு வைத்து இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் தூக்கி விற்ற காலத்திலிருந்து வருவது. கண்டார் என்பது அந்தக் கம்பு. வரிசையில் நின்று தட்டில் வேண்டியதைக் காட்ட வேண்டும். பரிமாறும் பையன் கரண்டியால் நாலைந்து குழம்பை மேலே மேலே ஊற்றுவான். குவா சம்பூர் என்றால் எல்லாக் குழம்பும் கலந்து. பஞ்சிர் என்றால் வெள்ளம், சோறு முழுகும் அளவுக்கு. வரிசை வேகமாக நகரும். அண்ணன் முன்னால் போனதும், "டேய் தம்பி, இது என்ன? அது காரமா? இதுல கொஞ்சம் ஊத்து, ருசி பாத்துட்டுச் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். பையன் தமிழ்ப் பையன்தான், முந்தின ஆளிடம் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தான். அண்ணனுக்கு மட்டும் மலாயில் பதில் சொன்னான். குரல் உயரவில்லை, முகம் சுளிக்கவில்லை. பாஷையை மட்டும் மாற்றிக்கொண்டான்.

இந்த ஊரைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இங்கே மனம் கோணினால் சத்தம் வராது. நம் ஊரில் "யோவ், வரிசையில வாய்யா" என்று யாராவது கத்துவார்கள், நாமும் திருந்திக்கொள்வோம். இங்கே ஒரு கதவு மெதுவாகச் சாத்திக்கொள்ளும். 'நந்தி லா' என்பார்கள், அப்புறம் பார்க்கலாம் என்று பொருள். பெரும்பாலும் அந்த அப்புறம் வராது. 'தாக் ஆப்பா' என்பார்கள், பரவாயில்லை என்று பொருள். நம் முகத்தைப் பார்த்துச் சொன்னால் நிஜமாகவே பரவாயில்லை, வேறு எங்கோ பார்த்துச் சொன்னால் போதும் நிறுத்து என்று அர்த்தம். விதிகளை எல்லாம் மனப்பாடம் செய்வதைவிட இந்த மௌனமான 'வேண்டாம்' கண்ணுக்குத் தெரிவது முக்கியம் என்பது என் கட்சி. தமிழ் கேட்கும் ஊர் என்ற தைரியம்தான் அந்தக் கண்ணை மறைக்கிறது.

எனக்கே அது சியூ படகுத்துறையில்தான் தெரியவந்தது. கடலுக்குள் மரத்தூண்கள் மேல் பலகைப் பாதை, இரண்டு பக்கமும் வீடுகள். இங்கே படகுத்துறைகள் பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரே குடும்பப் பெயர் கொண்ட சீனர்களுடையவை. இது சியூ குடும்பத்தாருடையது. 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிய பிறகு கூட்டம் அலைமோதுகிறது. நான் கல்யாணமான புதிதில் போனேன். ஒரு வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே சிவப்புச் சாமி மாடம், ஊதுவத்திப் புகை, சாய்நாற்காலியில் ஒரு பாட்டி. அவ்வளவு அழகு! பலகையில் நின்றபடியே கேமராவை உள்ளே நீட்டி எடுத்தேன். பாட்டி எழுந்து வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். என்னைப் பார்க்கவே இல்லை, கதவைச் சாத்தினார். அந்தப் புழுக்கத்தில், காற்று வருகிற ஒரே வழியை எனக்காகச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார் என்று திரும்பும் வழியெல்லாம் உறுத்தியது. அந்தப் பலகைப் பாதை நமக்குச் சுற்றுலாத் தலம், அவர்களுக்கு வீட்டு வாசல். படம் எடுக்காதீர்கள் என்று எழுதி மாட்டிய வீடுகள் இப்போது அங்கே உண்டு.

ஆட்களையோ வீட்டையோ எடுக்க ஆசைப்பட்டால், 'போலே அம்பில் கம்பார்?' என்று கேட்டால் போதும். படம் எடுக்கலாமா என்று அர்த்தம். போலே என்றால் சரி. சிரித்துக்கொண்டே கையை ஆட்டினால் இல்லை. லெபோ ஆர்மீனியனில் எர்னஸ்ட் ஸக்கரேவிச் 2012இல் சுவரில் தீட்டிய சைக்கிள் பிள்ளைகளோடு தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், கேட்கத் தேவையில்லை. அங்கே வரிசையை மட்டும் மதியுங்கள்.

வழிபாட்டு இடங்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவில் பத்து நிமிஷம் நடந்தால், 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில், 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலின் பின்பக்கம், அப்புறம் பள்ளிவாசல் என்று வரிசையாக வந்துவிடும். பள்ளிவாசலில் தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போகவேண்டும், வெள்ளிக்கிழமை மதியம் வேண்டவே வேண்டாம். அரைக்கால் சட்டையோ கையில்லா உடையோ போட்டிருந்தால் போர்த்திக்கொள்ள அங்கி தருவார்கள். வாங்கிப் போட்டுக்கொண்டு அதையே வேடிக்கை உடையாக்கி ஆடிப் படம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். 2018இல் சாபா மாநிலத்தின் கோத்தா கினாபாலு நகரப் பள்ளிவாசல் ஒன்றின் மதிலில் ஏறி இரண்டு பெண் பயணிகள் ஆடிய வீடியோ பரவி, அந்தப் பள்ளிவாசலே கொஞ்ச காலம் சுற்றுலாப் பயணிகளை நிறுத்திவைத்தது. ஆடியது இரண்டு பேர், வாசல் அடைபட்டது எல்லாருக்கும்.

சீனக் கோயிலில் உயரமான வாசற்படியை மிதிக்காமல் தாண்ட வேண்டும். வாசப்படியில் நிற்காதே என்று பாட்டியிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. மாரியம்மன் கோயிலில்தான் எனக்குக் கவலை; நம்ம கோயில்தானே என்று அரைக்கால் சட்டையோடு உள்ளே போய் அர்ச்சகரிடமே "எங்க ஊர்ல அபிஷேகம் வேற மாதிரி" என்பார்கள்.

எல்லாவற்றையும்விட, லோரோங் பர்மாவில் உள்ள சயாமியப் புத்தக் கோயிலைச் சொல்ல வேண்டும். 33 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் சயனத்தில் இருக்கிறார். முன்பக்கம் செல்ஃபிக் கூட்டம். பின்பக்கம் போனால் சின்னச் சின்ன மாடங்கள், அவற்றில் படங்கள், பெயர்கள். இறந்தவர்களின் அஸ்திக் கலசங்கள் அங்கே இருக்கின்றன. ஒருமுறை எங்களோடு வந்த பையன் ஒருவன் அங்கே சாய்ந்து நின்று இரண்டு விரல் காட்டிப் படம் எடுத்தான். பக்கத்தில் ஒரு குடும்பம் பூ வைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் நகர்ந்து இடம்விட்டார்கள். இடம்விட்டது சம்மதம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

தைப்பூசத்துக்கு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் தனியாகச் சொல்லணும். வெள்ளி ரதம், வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், ரதத்துக்கு முன்னால் மலைமலையாகத் தேங்காய் உடைக்கும் சீன பக்தர்கள், 513 படி ஏறினால் மலைமேல் பாலதண்டாயுதபாணி. சீனர்கள் தேங்காய் உடைப்பதைப் பார்த்து "இவங்களுக்கு என்ன தெரியும்?" என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். வருஷா வருஷம் நேர்ந்துகொண்டு உடைக்கிறவர்களுக்குத் தெரியும் ஐயா. காவடி எடுப்பவர் அருள்வந்து வரும்போது முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். பந்தலில் கொடுப்பதை வாங்கினால் மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எதையும் கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால், நமக்குப் பழக்கம்தான். ஆளைச் சுட்டுவிரலால் காட்டாமல் மடக்கிய கையின் கட்டைவிரலால் காட்டுவார்கள். எந்தப் பிள்ளையின் தலையையும் தடவ வேண்டாம். மலாய்க்காரரில் எதிர்பாலினத்தவருக்கு முதலில் கை நீட்டாதீர்கள். பக்கத்து வீட்டு அபாங்குக்கு நான் நீட்டிய கை ஒருமுறை அந்தரத்தில் நின்றது. அவர் கையை நெஞ்சில் வைத்துத் தலைகுனிந்தார், அதுதான் அவருடைய வணக்கம். ஹலால் கடையில் வெளியே வாங்கியதைப் பிரித்துச் சாப்பிடக் கூடாது. மாட்டிறைச்சி வேண்டாம் என்று நாம் சொன்னால் யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். குவான் யின்னை வணங்கும் சீனர்கள் பலரும் தொடுவதில்லை. ரமலான் மாதத்தில் பகலில் நாம் சாப்பிடத் தடையில்லை, நோன்பிருப்பவர் முன்னால் சப்புக்கொட்ட வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கடைகளில் புகைபிடிக்க 2019 ஜனவரியிலிருந்து தடை. டுரியான் பழத்தை ஓட்டல் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், இது மரியாதைக்காக மட்டுமல்ல, மூக்குக்காகவும்.

இவ்வளவு படித்தும் தவறு செய்யத்தான் செய்வோம். அப்போது விளக்கம் சொல்ல ஆரம்பிக்காமல் 'மாஃப்' என்று ஒரு வார்த்தை, ஓர் அடி பின்னால், அவ்வளவு போதும். "எங்க ஊர்ல இது தப்பில்லைங்க" என்பது மன்னிப்பில் சேராது. உலகச் சுற்றுலா அமைப்பு 1999இல் சாந்தியாகோவில் ஏற்ற நெறிமுறை, வருகிறவர் உள்ளூராரை மதிக்க வேண்டும் என்பதோடு, உள்ளூரார் வருகிறவரைப் புரிந்துகொள்ளவும் சொல்கிறது. பினாங்குக்காரர்கள் அந்தப் பாதியை ஒழுங்காகவே செய்கிறார்கள். நாம் திருத்திக்கொண்டதைக் கவனித்தும்விடுவார்கள்.

நாசி கண்டார் கடைக்கு அண்ணன் மறுநாளும் போகவேண்டும் என்றார். பையன் மலாய்க்கு மாறியதை முதல் நாள் ராத்திரிதான் அவரிடம் சொல்லியிருந்தேன். நம்பவில்லை என்றுதான் நினைத்தேன். வரிசையில் முன்னால் நிற்பவர்கள் எப்படிக் காட்டுகிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். முறை வந்ததும் கட்டைவிரலால் கோழியைக் காட்டி, "இது ஒண்ணு தம்பி. குவா சம்பூர்" என்றார். பையன் கரண்டியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தான்.

"அந்தக் குழம்பு காரமா இருக்கும்ண்ணே, பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றார் அண்ணன். மதுரைக்காரர், வேறென்ன சொல்வார். அப்புறம் இரண்டு கிளாஸ் ஐஸ் லீமாவ் குடித்தார்.